கிணற்று நீச்சல் கடலுக்குப் போதுமா?

கேள்வி: தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி பக்கம் மாலை நேரத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் தன்னார்வலர்கள் நாங்கள். ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை 30 பேரை ராமேஸ்வரம் பக்கம் அழைத்துப்போய், ஸ்நார்க்கெலிங்கில் (மாஸ்க் போட்டு, வாயில் வைத்த குழாயால் மூச்சு விட்டபடி குப்புற மிதந்து பார்ப்பது) பவளப்பாறை காட்ட ஆசை. பாதிப் பேருக்குக் கிணற்றில் நீந்தத் தெரியும். அது போதுமா? எப்போது போகலாம்? முழு முகத்தையும் மூடும் மாஸ்க் ஆன்லைனில் மலிவாக இருக்கிறது, வாங்கலாமா?

பதில்: போதாது. சொல்லப்போனால், நீந்தவே தெரியாத பிள்ளையைவிடக் கிணற்றில் குதித்துப் பழகிய பிள்ளையைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். தெரியாதவன் பயத்தில் உங்கள் கையை விடமாட்டான். தெரிந்தவன் படகிலிருந்து முதல் ஆளாகக் குதிப்பான். கிணற்றில் நாலு கை வீசினால் படியோ சுவரோ வந்துவிடும். கடலில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. சும்மா மிதந்தாலும் நீரோட்டம் தள்ளிக்கொண்டே போகும். தலையைக் கவிழ்த்து மீன் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அது தெரியவே தெரியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் மூச்சு. நம் பிள்ளைகளுக்குப் பழக்கம் மூச்சை அடக்கி முங்குவது. ஸ்நார்க்கெலிங்கில் முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே வாயால் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும். பழக்க தோஷத்தில் முங்கினால் குழாயில் தண்ணீர் நிறைந்துவிடும். மேலே வந்ததும் அவசரமாக இழுத்தால் உப்புத் தண்ணீர் நேராக நெஞ்சுக்குள் போகும். முதலில் பலமாக ஊதிக் குழாயைக் காலிசெய்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். இது சொல்லி வராது, செய்து செய்துதான் வரும். அப்புறம், ‘யார் அதிக நேரம் முங்குவது’ என்ற போட்டிக்கு ஊரிலேயே தடை போட்டுவிடுங்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்தால் உடம்பில் கரியமில வாயு குறைந்துபோகும். மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பே அந்த வாயு உடம்பில் கூடும்போதுதான் வருகிறது. தவிப்பு வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, சத்தமே இல்லாமல் மயங்கிவிடுவார்கள்.

அதனால் பயணத்துக்கு முன்பு சில சனிக்கிழமைகளைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். இடம், மார்பளவு ஆழமுள்ள நீச்சல் குளம். கிணற்றில் கால் ஊன்ற முடியாது, வேண்டாம். ஒகேனக்கல்லும் அணைகளும் பேச்சுக்கே இடமில்லை. 2023 பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்குப் போய்த் திரும்பும் வழியில், கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் இறங்கிய புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி மாணவிகள் 4 பேர் மூழ்கி இறந்தார்கள். கூட ஆசிரியர்கள் இருந்தார்கள்.

முதல் நாள் மாஸ்க் மட்டும். பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் அளவு சரியில்லை. நெற்றி முடி உள்ளே மாட்டினாலும் தண்ணீர் கசியும். நம் வீடுகளில் எண்ணெய் வைத்துத் தலை வாரி அனுப்புவார்கள், அந்த எண்ணெய் நெற்றியில் வழிந்து மாஸ்க் வழுக்கும். அன்றைக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம் என்று அம்மாக்களிடம் சொல்லிவிடுங்கள். அடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குழாயில் மூச்சு, பிறகு மிதப்பது, கடைசியாக, வேண்டுமென்றே குழாயில் தண்ணீர் விட்டு ஊதித் தள்ளுவது. பத்து நிமிடம் பதறாமல் குப்புற மிதந்து, குழாயையும் தானே காலிசெய்யும் பிள்ளை தயார். மற்றவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று குனிந்து பார்க்கட்டும். அதிலும் நண்டும் குட்டி மீனும் தெரியும், குறைச்சல் ஒன்றுமில்லை.

முழு முக மாஸ்க் வாங்காதீர்கள். சின்ன முகத்தில் சரியாகப் பொருந்தாவிட்டால் விட்ட மூச்சே திரும்ப உள்ளே வரும். பதறும் நேரத்தில் சாதாரணக் குழாய் என்றால் துப்பிவிடலாம், இதை மொத்தமாகக் கழற்ற வேண்டும். சிறுவர் அளவில் மாஸ்க்கும் குழாயும் தனித்தனியாக இருப்பதே நல்லது. காலுக்குத் துடுப்பு வேண்டாம்; புதியவர்கள் அதை வைத்துப் பவளத்தைத்தான் உதைப்பார்கள்.

காலம் என்றால் பிப்ரவரி, மார்ச். கோடை விடுமுறைதான் முடியும் என்றால் ஏப்ரல் கடைசியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் காற்று எழும்புவதற்கு முன் காலையில். அங்கே பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பார்கள். தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகிழக்குப் பருவத்தில் வடகடல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா; வனத்துறை அனுமதியில்லாமல் அந்தப் பக்கம் படகில் போகக் கூடாது. வடகடலில் பிரப்பன்வலசையில் வனத்துறையின் சூழல் சுற்றுலா இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போவீர்கள், போகாமல் இருக்கமாட்டீர்கள். அங்கே கணுக்கால் நனையக்கூட இறங்க விடாதீர்கள்.

சேலம், மதுரை வழியாக 400 கிலோமீட்டருக்கு மேல் பயணம். இரவெல்லாம் வேனில் வந்த பிள்ளையையும், வாந்திக்கு மாத்திரை போட்டுத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையையும் அன்று காலையே கடலில் இறக்காதீர்கள். ஒரு நாள் தங்கி, மறுநாள் இறக்குங்கள்.

ஒரு நேரத்தில் தண்ணீரில் ஆறு பேர் போதும், இரண்டிரண்டு பேர் ஜோடியாக. ஒவ்வொரு ஜோடிக்கும் நன்றாக நீந்தத் தெரிந்த ஒரு பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். போட்டோ எடுப்பது அவர் வேலை அல்ல. இன்னொருவர் படகிலிருந்து தலை எண்ணுவதை மட்டும் செய்ய வேண்டும். நீந்தத் தெரிந்தவன் உட்பட எல்லோருக்கும் மிதவைச் சட்டை உண்டு. துப்பட்டா வேண்டாம், முழுக்கை டி-ஷர்ட்டும் லெக்கிங்ஸும் வெயிலுக்கும் ஜெல்லி மீனுக்கும் நல்லது. ஜெல்லி மீன் கொட்டினால் தேய்க்காமல் கடல் தண்ணீரிலேயே அலச வேண்டும். செத்த பவளத் துண்டைக்கூட யாரும் பையில் போடக் கூடாது. வனவிலங்குச் சட்டத்தில் அது குற்றம்.

பெற்றோரிடம் வாங்கும் கடிதத்தில் வெறும் ‘சம்மதம்’ போதாது. வலிப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதில் சீழ் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். ‘சொன்னால் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ’ என்று மறைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் வேனில் இடம் உண்டு, கரையில் பார்க்க நிறைய இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் உண்மை வரும். முதலுதவி தெரிந்த ஒருவர் கரையில் இருக்கட்டும். 108-உடன் கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல் படையின் 1554 இரண்டையும் எல்லோர் போனிலும் ஏற்றிவிடுங்கள்.