வாசகர் கேள்வி – பதில்: தாளில் நடந்த சாவுக்குத் துக்கம் உண்டா?

கேள்வி: பதினைந்து வயதில் ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ காமிக்ஸ் தொடரைப் படிக்கத் தொடங்கினேன். பீட்டர் பார்க்கருக்கும் அப்போது அதே வயது. நான் கல்லூரியை முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவன் பள்ளிக்கூடத்தைத் தாண்டவில்லை. அவன் இறந்துபோகும் 160ஆம் இதழை வாங்கியும், படிக்கத் துணிவின்றிப் பல ஆண்டுகள் மூடியே வைத்திருந்தேன். சென்ற மாதம்தான் படித்தேன். இரண்டு நாட்களாக எதிலும் மனம் செல்லவில்லை. “மூலத் தொடரில் ஸ்பைடர்மேன் உயிரோடுதானே இருக்கிறான், எதற்கு இந்த அழுகை?” என்று என் மனைவி கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது அசட்டுத்தனமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அசட்டுத்தனம் இல்லை. ஆனால் உங்கள் மனைவி கேட்டதும் நியாயமான கேள்விதான்; அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். 1962இல் பிறந்த ஸ்பைடர்மேன் வேறு, நீங்கள் இழந்தவன் வேறு. மூத்தவனின் கதை எத்தனையோ எழுத்தாளர்களின் கைமாறி, அவரவர் வசதிக்கேற்ப வயதும் குணமும் சற்றே திருத்தப்பட்டு, முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டில் மார்வெல் நிறுவனம் அதே கதையை முதலிலிருந்து தனித் தொடராகச் சொல்லத் தொடங்கியபோது, பிரையன் மைக்கேல் பெண்டிஸ் என்ற ஒரே எழுத்தாளர் தொடக்கம் முதல் அந்தச் சாவு வரை எழுதினார். முதல் 111 இதழ்களை மார்க் பேக்லி என்ற ஒரே ஓவியர் வரைந்தார், பின்பு அவனுடைய இறுதி நாட்களை வரைவதற்கென்றே திரும்பியும் வந்தார். ஒரே குரல், பெரும்பாலும் ஒரே முகம், ஒரு தொடக்கம், ஒரு முடிவு: மனிதர்களுக்கு இருப்பது போலவே உங்கள் பீட்டருக்கும் இவை இருந்தன. அதே பெயரில் இன்னொரு பையன் அடுத்த தெருவில் நலமாக இருக்கிறான் என்று சொல்லி, பிள்ளையைப் பறிகொடுத்தவரை யாரும் தேற்றுவதில்லை.

அவன் இறந்த விதத்தையும் நினைத்துப் பாருங்கள். சூப்பர்ஹீரோக்கள் வழக்கமாக உலகத்தைக் காப்பாற்றிவிட்டுச் சாவார்கள். உலகம் என்பது மிகப் பெரிய சொல், அதற்காக நமக்குக் கண்ணீர் எளிதில் வருவதில்லை. பதினாறு வயதுப் பீட்டர், குண்டடிபட்ட உடம்போடு தன் வீட்டு வாசலில் சண்டையிட்டு, அங்கேயே விழுகிறான். தன்னை வளர்த்த பென் சித்தப்பாவைத் தன்னால் காப்பாற்ற முடியவில்லை என்ற குற்றவுணர்வை முதல் இதழ்களிலிருந்து சுமந்தவன், மே சித்தியின் முகத்தைப் பார்த்து, அவரை முடியவில்லை, உங்களைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பொருளில் சொல்லிவிட்டு நிறைவோடு கண்ணை மூடுகிறான். பதினோரு ஆண்டுகளாகத் தீராதிருந்த கணக்கு ஒரு பக்கத்தில் தீர்கிறது. அந்த நிறைவை நம்மால்தான் தாங்க முடிவதில்லை. அந்தப் பக்கத்தில் நானும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், கண்ணாடியில் அழுக்கு எதுவும் இல்லாதபோதும்.

உங்கள் மனைவியிடம் விளக்கம் சொல்வதைவிட, முதல் சில இதழ்களையும் அந்த 160ஆம் இதழையும் அவர் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

கேள்வி: விற்பனை சரியும்போது கொல்கிறார்கள், பிறகு உயிர்ப்பித்து மறுபடியும் விற்கிறார்கள். இது தெரிந்தும் அழுபவர்கள் ஏமாளிகள் அல்லவா?
– இன்னொரு வாசகர்

பதில்: வியாபாரம் என்பதை மறுக்க முடியாது. 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறந்த 75ஆம் இதழைக் கறுப்பு உறையில் போட்டு, கையில் கட்டிக்கொள்ளத் துக்கப்பட்டையும் உள்ளே வைத்து விற்றார்கள். மறு ஆண்டே அவர் திரும்பி வந்துவிட்டார். அதற்கும் முன்பு, 1988இல், பேட்மேனின் துணைவனான இரண்டாவது ராபின் பிழைக்க வேண்டுமா சாக வேண்டுமா என்று வாசகர்களிடமே தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தினார்கள். சாகட்டும் என்றவர்கள் 5,343 பேர், பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271 பேர். வெறும் 72 வாக்குகளில் ஒரு சிறுவனின் கதை முடிந்தது. (பழியை முழுவதும் பதிப்பகத்தின் தலையில் கட்டுவதற்கு முன் இதையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.)

இருந்தாலும் அந்தக் கறுப்பு உறைக்குள் இருந்தது வியாபாரம் மட்டும் அன்று. அதற்கு முந்தைய மூன்று இதழ்களில் பக்கத்துக்கு நான்கு கட்டங்கள், பிறகு மூன்று, பிறகு இரண்டு என்று குறைந்துகொண்டே வந்து, இறுதி இதழில் பக்கத்துக்கு ஒரே படம் என்று ஆகிறது. படிப்பவர் இதைக் கவனிக்காமலே போகலாம். ஆனால் மூச்சு வாங்க இடமின்றி ஒவ்வொரு அடியும் முழுப் பக்கமாக வந்து விழுவதை அவருடைய கண் உணர்ந்துவிடும். கடைசியில் காதலி லோயிஸ் லேன் சூப்பர்மேனை மடியில் கிடத்தியிருக்க, கிழிந்த மேலங்கி ஒரு கம்பத்தில் கொடிபோல் தொங்குகிறது. அந்தப் படத்தை வரைந்த கை விற்பனைக் கணக்கு பார்த்த கை அன்று. கதாநாயகன் பிறகு திரும்பி வந்ததால் அந்தப் பக்கம் பொய்யாகிவிடாது. முதல் வாசகரின் பீட்டரையும் 2014இல் உயிரோடு காட்டினார்கள். எனக்கு அதில் அவ்வளவாக உடன்பாடு இல்லை, அந்த வாசலோடு நிறுத்தியிருக்கலாம்.

கேள்வி: உண்மையிலேயே திரும்பி வராத சூப்பர்ஹீரோ யாராவது உண்டா?
– ஒரு வாசகி

பதில்: மார்வெலின் முதல் கேப்டன் மார்வெல். எப்போதாவது தலை காட்டியிருக்கிறார், ஆனால் தங்கவில்லை. 1982இல் வெளிவந்த அவரது மரணக் கதையை எழுதி வரைந்த ஜிம் ஸ்டார்லின், தம் தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். கதாநாயகனுக்கும் அதே நோயைத்தான் கொடுத்தார். அடிதடியில் சாகாமல் படுக்கையில் சாகிறார் கேப்டன் மார்வெல். பல காலம் அவரோடு போரிட்ட பகை இனத்தின் தளபதி ஒருவரே வந்து வீரப்பதக்கம் அணிவிக்கிறார். மலையைப் புரட்டக்கூடிய அத்தனை வீரர்களும் செய்வதறியாமல் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். அந்தக் காட்சியைத் தாங்க முடியாமல் ஒருவன் மட்டும் அறையைவிட்டு வெளியேறிவிடுகிறான். அவன் ஸ்பைடர்மேன், அந்த மூத்த ஸ்பைடர்மேன். முதல் கேள்வியைக் கேட்ட நண்பர் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிக்கலாம்.