சிகாகோவில் படகைத் தூக்கிக்கொண்டு நடந்தது ஏன்?

அந்தக் காலத்தில் பயணிகளும் வணிகர்களும் இங்கே ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்குப் படகைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு ஆறுகளும் சேராததால்தான். சிகாகோ ஆறு மிச்சிகன் ஏரியில் விழுந்தது. மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி ஓடும் டெஸ் பிளெய்ன்ஸ் ஆற்றின் நீர் மிசிசிப்பிக்குப் போகிறது. நடுவே இருந்தது தாழ்வான மேடும் ‘மட் லேக்’ என்ற சதுப்பும்தான். பூர்வகுடிகளுக்கு இது பழகிய வழி. 1673-ல் பிரெஞ்சுப் பயணிகளான மார்க்கெட்டும் ஜோலியேவும் இவ்வழியே வந்ததும் பூர்வகுடிகள் காட்டித்தான்.

வசந்தகால வெள்ளத்தில் படகிலேயே கடந்துவிடலாம். கோடையில்தான் பாடு. 1818-ல் இங்கே வந்த ஹப்பர்ட் என்ற ரோமத்தோல் வணிக ஊழியர் எழுதியிருக்கிறார்: இடுப்பளவு சேற்றில் இறங்கிப் படகைத் தள்ளினார்கள், காலில் அப்பிய அட்டைகளை விடுவிக்கப் புகையிலைக் கஷாயம் ஊற்றினார்கள். கடக்க மூன்று நாள்!

இங்கே கால்வாய் வெட்டலாம் என்று ஜோலியே அப்போதே சொன்னார். அவர் நினைத்த அளவுக்கு அது சுலபமில்லை. 1848-ல்தான் கால்வாய் திறந்தது, அதுவும் சுமார் 154 கி.மீ. நீளத்துக்கு. அப்புறம் 1900-ல் இன்னொரு கால்வாய் வெட்டி, சிகாகோ ஆற்றையே மிசிசிப்பி பக்கம் திருப்பிவிட்டார்கள். நகரத்துச் சாக்கடை ஏரிக் குடிநீரில் கலந்ததுதான் காரணம்.

இப்போது நிலைமை தலைகீழ்: மிசிசிப்பி பக்கமிருந்து அந்நியக் கெண்டை மீன்கள் ஏரிக்குள் ஏறாமலிருக்க, 1900-ல் திறந்த அதே கால்வாயில் மின்தடுப்பு போட்டிருக்கிறார்கள்.