ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் பேசுறதுக்குப் பதிலா வீடியோ காட்டி கையெழுத்து வாங்கலாமா?

வீடியோ ரொம்ப நல்ல விஷயம்தான், ஆனா டாக்டர் பேசுறதுக்குப் பதிலா இல்ல, அதுக்கு முன்னாடி காட்டணும்.

இதயத்து ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு பாக்குற ஆஞ்சியோகிராமையே எடுத்துக்கோங்க. மணிக்கட்டு வழியாவோ தொடை இடுக்கு வழியாவோ மெல்லிசான ஒரு டியூப விடுவாங்க, ரத்தக்குழாய் எக்ஸ்ரேல தெரியறதுக்காக விடுற டை (சாய மருந்து) உள்ள போறப்ப உடம்பெல்லாம் குப்புன்னு சூடு பரவும், சிலருக்கு யூரின் போயிட்ட மாதிரியே இருக்கும், அது சில செகண்ட்ல அடங்கிடும். இத முன்னாடியே தெரிஞ்சுக்காதவங்க அங்க படுத்துக்கிட்டு என்னமோ ஆயிடுச்சுன்னு பதறிடுவாங்க. கையெழுத்து வாங்குற பேப்பர்ல பொடி எழுத்துல இருக்கிறத யாரும் படிக்கிறதில்ல, வீடியோன்னா நிறுத்தி, திருப்பிப் போட்டு, வீட்ல இருக்கறவங்களோட உக்காந்து பாக்கலாம், படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும்.

ஆனா வீடியோ எல்லாருக்கும் பொதுவானது. உங்களுக்கு சுகர் இருக்கு, கிட்னி வீக்கா இருக்குன்னு அதுக்குத் தெரியாது, டைனால கிட்னிக்கு வர்ற ரிஸ்க் உங்களுக்கு எவ்வளவுன்னு டாக்டர்தான் சொல்லணும். பிரிட்டன்ல, பிரசவத்துல இருந்த ரிஸ்க்க டாக்டர் சொல்லலன்னு மாண்ட்கோமரிங்கற அம்மா போட்ட கேஸ்ல 2015ல சுப்ரீம் கோர்ட் சொன்னதும் இதத்தான், அந்த நோயாளி இடத்துல இருக்கிற ஒருத்தருக்கு எது முக்கியமாப் படுமோ அந்த ரிஸ்க்கையும், வேற என்ன வழி இருக்குங்கறதையும் சொல்லியே ஆகணும்னு.

வெறும் நல்லத மட்டும் காட்டுற வீடியோ விளம்பரம்தாங்க. அப்புறம் ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சுட்டுக் காட்டாதீங்க, முந்தின நாளாவது காட்டுங்க. பாத்து முடிச்சதும் "என்ன புரிஞ்சுதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க"ன்னு ஒருத்தர் கேக்கணும், எங்க தப்பா புரிஞ்சிருக்குன்னு அப்பதான் வெளிய வரும்.