‘தவறை ஈடுகட்டினேன்’ என்று எழுதலாமா?

கேள்வி: ஈடுகட்டுவது, பரிகாரம் செய்வது இரண்டும் ஒன்றுதானா? நண்பனுக்குச் செய்த தவறை ஈடுகட்டினேன் என்று எழுதலாமா?

எழுதலாம், யாரும் பிடித்து உள்ளே போடமாட்டார்கள். ஆனால் என் காதுக்கு உறுத்துகிறது. இழப்பைத்தான் ஈடுகட்டுவோம். தவறுக்குப் பரிகாரம்தான் தேடுவோம். ஒன்றுக்கு ‘ஐ’, இன்னொன்றுக்கு ‘கு’. ஈடு என்றால் சமம். ‘ஈடு இணை’ என்கிறோமே, அந்த ஈடுதான். போன அளவுக்கு வைத்தால் ஈடு. நீங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தும் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை போலிருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வி.

(நான் தமிழாசிரியன் இல்லை. கோர்ட் வாசலில் இருபது வருஷமாகத் தட்டச்சு அடிக்கிறவன். இலக்கணம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் இடத்தில் பரிகாரம் என்பதே வேறு: தப்பு செய்தவன் செய்வதல்ல, பாதிக்கப்பட்டவன் கேட்பது. ‘வாதி கோரும் பரிகாரம்’ என்று தினமும் அடிக்கிறேன்.)

ஒரு தடவை லாரி மோதி இறந்துபோன கொத்தனார் ஒருவருக்காக அவர் மனைவி போட்ட நட்ட ஈடு மனு. அவர் வயது 45. நான் 54 என்று அடித்துவிட்டேன். இரண்டு எண் இடம் மாறினால் என்ன என்று தோன்றும். 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த அட்டவணைப்படி, 41 முதல் 45 வயது வரை வருட வருமானத்தை 14-ஆல் பெருக்குவார்கள். 51 முதல் 55 வரை 11 தான். மாதம் 6,000 ரூபாய், அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் வருடத்துக்கு 48,000. என் விரல் பிசகியதில் 1,44,000 ரூபாய் போகப் பார்த்தது. இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் அதையே பிடித்துக்கொண்டார்.

திருத்த மனுவைக் காசு வாங்காமல் அடித்தேன். ஸ்டாம்பு என் செலவு. கூடுதலாக அலைந்த வாய்தாக்களுக்கென்று அந்த அக்கா கையில் பஸ் காசும் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கினார். முந்தானையில் முடிந்துகொண்டே, “பஸ்ஸுக்கு ஆச்சு தம்பி. அவரு வயச ஏத்துனதுக்கு?” என்றார்.

அதற்கு எந்த அட்டவணையும் கிடையாது. புறநானூறு 34-ல் ஆலத்தூர் கிழார் கொடும் பாவங்களுக்கும் ‘கழுவாய்’, அதாவது பரிகாரம், உண்டு என்கிறார், நன்றி மறந்தவனுக்கு மட்டும்தான் இல்லையாம். தப்பாக வயது அடித்தவனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

‘அடித்தவனைத்தான் சொல்லணும்’ என்று கிளம்புவீர்கள், தெரியும். மனுவில் கையெழுத்துப் போட்ட வக்கீல் அதை ஒரு முறையாவது படித்திருக்கலாம் இல்லையா? அவருக்கு ஃபீஸ், எனக்குப் பக்கக் கணக்கு. திட்டு மட்டும் மொத்தமாக எனக்கு.

திருத்தம் அனுமதியானது, 14-ஆல்தான் பெருக்கினார்கள். அந்த அக்காவை அப்புறம் பார்க்கவில்லை. அன்றிலிருந்து வயதை எண்ணாலும் எழுத்தாலும் அடிக்கிறேன்: 45, நாற்பத்தைந்து. சில பக்கங்களில் அதனாலேயே ஒரு வரி கூடிவிடும். அதற்கும் சேர்த்து அதே பக்கக் கூலிதான்.