வழி கேக்குறதுக்கு வீட்டு விலாசம் எதுக்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பெங்களூர் ஈஜிபுராவுல இருந்து டெய்லி பைக்ல எலக்ட்ரானிக் சிட்டி போறேன். கூகுள் மேப்ஸ தூக்கிட்டு ஆர்கானிக் மேப்ஸ் போடு, அதுதான் சேஃப்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். ரெண்டு நாள் போட்டு பாத்தேன், சில்க் போர்டு ஜங்ஷன்ல டிராஃபிக் இருக்கா இல்லையான்னே காட்டல. சேஃப்பா இருக்கணும்னா இப்படி கஷ்டப்பட்டுதான் ஆகணுமா?

பதில்: தம்பி, அவர் சொன்னதும் சரி, நீங்க பட்டதும் சரி. கூகுள் மேப்ஸ்ல டிராஃபிக்க காட்டுற அந்த செவப்பு கோடு எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சா குழப்பம் போயிடும். சில்க் போர்டுல அந்த நேரத்துல நிக்கிற அத்தன போனும் நான் இங்க இருக்கேன், இவ்ளோ மெதுவா நகர்றேன்னு சர்வருக்கு சொல்லிட்டே இருக்கு, அத கூட்டி பாத்துதான் ஜாம்னு காட்டுறாங்க. சைமன் வெக்கர்ட்னு ஒரு கலைஞர் 99 போன ஒரு சின்ன கைவண்டில போட்டு பெர்லின்ல காலியா கெடந்த ரோட்டுல மெதுவா இழுத்துட்டு போனார், மேப்ல அந்த ரோடு செக்கச்செவேல்னு ஆயிடுச்சு, 2020-ல அந்த வீடியோவ போட்டார். டிராஃபிக் தகவல்ங்கறது நாம எல்லாரும் சேந்து குடுக்குறதுதான்னு இத விட தெளிவா யாரும் காட்டல.

ஆர்கானிக் மேப்ஸ் உங்ககிட்ட எதையும் வாங்குறதில்ல, அதனால திருப்பி குடுக்கவும் அதுகிட்ட டிராஃபிக் இல்ல. 2004-ல ஆரம்பிச்ச ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல உலகம் பூரா வாலண்டியர்ஸ் வரைஞ்ச மேப்தான் அது, ஒரு தடவ டவுன்லோட் பண்ணிட்டா நெட் இல்லாமலே வழி சொல்லும், விளம்பரம் கெடையாது, அக்கவுண்டும் வேண்டாம். ஆனா யாராவது சேத்திருந்தாதான் கடை பேர் அதுல வரும்.

என்ன கேட்டா ரெண்டையும் போன்ல வெச்சுக்கோங்க. காலைல ஒம்பது மணிக்கு ஆபீஸ் போறப்ப கூகுள், ஞாயித்துக்கெழம தெரிஞ்ச ஏரியாவுக்கு போறப்பவும் ஊர்ப்பக்கம் போறப்பவும் ஆர்கானிக். நான் இப்படிதான் பண்றேன். அப்புறம் உங்க ரூட்ல இன்னொரு விஷயம் இருக்கு, எலக்ட்ரானிக் சிட்டி ஃப்ளைஓவர். மேலயும் ரோடு கீழயும் ரோடு, மேப்ல ரெண்டும் ஒரே கோடு மாதிரி, நாம எதுல இருக்கோம்னு ஜிபிஎஸ்ஸுக்கு சட்டுனு பிடிபடாது. எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் ஏறுற எடத்த விட்டுட்டு கீழ சிக்னல் சிக்னலா நின்னு போயி அவ்ளோ நொந்துட்டார். இதுக்கு மேப்பிள்ஸ்னு நம்ம நாட்டு மேப் ஆப்ல ஜங்ஷன படமாவே காட்டுவாங்க, எந்த லேன், மேலயா கீழயான்னு கண்ணால பாத்துக்கலாம். கூகுள்லயும் 2024-ல இருந்து ஃப்ளைஓவர் ஏறணுமான்னு சொல்லுது.

கேள்வி: அக்கா, என் பேர் போட வேண்டாம், மர்ஃபி டவுன்ல இருக்கேன். ஒரு டாக்டர பாக்க மூணு தடவ தனியா ஜெயநகர் போனேன், வீட்ல யார்கிட்டயும் சொல்லல. என் நாத்தனார் போன் பண்ணணும்னு என் போன வாங்கினாங்க, மேப்ல நான் எந்த தேதி எங்க போனேன், எத்தன மணி நேரம் இருந்தேன்னு வரிசையா இருந்தத பாத்துட்டாங்க. வீட்ல பெரிய பேச்சாயிடுச்சு. நான் எதையும் ஆன் பண்ணின ஞாபகமே இல்ல.

பதில்: உங்க லெட்டர படிச்சிட்டு ரொம்ப நேரம் மனசு கேக்கல மா. டாக்டர்கிட்ட போனது உங்க விஷயம், அத யார்கிட்ட எப்ப சொல்றதுங்கறதும் உங்க விஷயம்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017-ல சுப்ரீம் கோர்ட்ல ஒம்பது ஜட்ஜ் சேந்து சொன்னாங்களே, அந்த கேஸ போட்டவர் நம்ம பெங்களூர்லயே வாழ்ந்த ரிடையர்ட் ஜட்ஜ் புட்டசாமி. அது கவர்மெண்ட எதுத்து போட்ட கேஸ்தான், ஆனா அதே மரியாத வீட்டுக்குள்ளயும் ஒரு பொண்ணுக்கு கெடைக்கணும்னு நான் நெனைக்கிறேன்.

எந்த ஆப்னு நீங்க எழுதல. கூகுள் மேப்ஸா இருந்தா உங்க ஃபோட்டோவ தொட்டு டைம்லைன்னு இருக்குறத தெறங்க, மேல மூணு புள்ளி இருக்கும், அதுல செட்டிங்ஸ் போயி ஆஃப் பண்ணுங்க, பழசையும் அழிச்சிடுங்க, ஒரு நாள மட்டும் தனியா அழிக்கவும் முடியும். ஆஃப் பண்ணினா போதாது, அது இனிமே எழுதாம இருக்கும் அவ்ளோதான், எழுதி வெச்சது அப்படியே கெடக்கும். நீங்க தேடுன கிளினிக் பேரு தேடுற பெட்டிய தொட்டாலே கீழ வந்து நிக்கும், அதையும் எடுத்துடுங்க. அடுத்த தடவ போறப்ப அதே ஃபோட்டோவ தொட்டு இன்காக்னிட்டோன்னு இருக்குறத (தேடுறத சேத்து வெக்காத மோடு) போட்டுட்டு தேடுங்க.

இங்க ஒரு விஷயத்த யாரும் பேசுறதில்ல. இந்த டைம்லைன் முன்னாடி கம்பெனி சர்வர்ல இருந்துச்சு, இப்ப போன்லயே வெக்கிற மாதிரி மாத்திட்டாங்க, தானா அழியிற கெடுவையும் மூணு மாசம் ஆக்கிட்டாங்க. நல்ல மாத்தம்தான், கம்பெனி பாக்குறது கொறையும். ஆனா நம்ம வீடுகள்ல போன் ஒருத்தர் கைலயா இருக்கு? கொழந்த கேம் ஆடும், மாமியார் சீரியல் பாப்பாங்க, நாத்தனார் வாங்கி போன் பண்ணுவாங்க. சர்வர்ல இருந்து கைக்கு வந்த டைரி வீட்ல எல்லார் கைக்கும் வந்துடுச்சு. அதனால நம்ம பொண்ணுங்களுக்கு அந்த டைரி எழுதாமயே இருக்குறதுதான் நல்லது.

இன்னொரு ஸ்விட்ச் இருக்கு, வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டின்னு கூகுள் அக்கவுண்ட்ல தனியா இருக்கும். லொகேஷன் ஹிஸ்டரிய (டைம்லைனோட பழைய பேர்) ஆஃப் பண்ணியும் இது வழியா எடம் பதிவாகுதுன்னு 2018-ல அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிய கொண்டு வந்தாங்க, 2022-ல அமெரிக்காவுல 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் குடுத்துதான் கூகுள் அத முடிச்சுது. அதையும் ஆஃப் பண்ணுங்க. உடம்ப பாத்துக்கோங்க மா, ட்ரீட்மெண்ட நடுவுல விட்டுடாதீங்க.

கேள்வி: பொண்ணு நைட் ஷிஃப்ட் முடிச்சு கேப்ல வர்றா. லொகேஷன எப்பவும் ஷேர் பண்ணி வெய்யின்னா என்ன சந்தேகப்படுறீங்களான்னு சண்டைக்கு வர்றா. பெத்தவ பயம் அவளுக்கு புரியல. – ஒரு அம்மா, அல்சூர்

பதில்: உங்க பயம் எனக்கு புரியுது, எனக்கும் பொண்ணு இருக்கா. ஆனா உங்க பயம் கேப்ல வர்ற ஒரு மணி நேரத்துக்குதானே, பகல்ல அவ எந்த கேன்டீன்ல உக்காந்திருக்கான்னு தெரிஞ்சு என்ன பண்ண போறீங்க? வாட்ஸ்அப்ல லைவ் லொகேஷன் 15 நிமிஷம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம்னு மூணு இருக்கு. கேப் ஏறுனதும் ஒரு மணி நேரம் போட சொல்லுங்க, ஜாம்ல மாட்டினா திரும்ப ஒரு தடவ. கூகுள் மேப்ஸ்ல ஷேர் பண்ணினா ஆஃப் பண்ற வரைக்கும்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத மட்டும் வேண்டாம். இப்படி கேட்டு பாருங்க, ஒத்துக்குவா.

கேள்வி: ஜிபிஎஸ் ஆன் பண்ணினாலே சாட்டிலைட் நம்மள பாத்துட்டு இருக்குமா? – ரிடையர்ட் எச்.ஏ.எல். ஊழியர், விமானபுரா

பதில்: இல்ல சார். சுமார் 20,000 கிலோமீட்டர் மேல இருந்து அது நேரத்த சொல்லிட்டே சுத்துது, நம்ம போன் அத கேட்டு நாலஞ்சு சாட்டிலைட்டுக்கு கணக்கு போட்டு எடத்த கண்டுபிடிக்குது, ரேடியோ கேக்குற மாதிரி. நீங்க கேக்குறது அதுக்கு தெரியவே தெரியாது. கண்டுபிடிச்ச எடத்த போன்ல இருக்குற ஆப் நெட் வழியா யாருக்கு அனுப்புதுங்கறதுலதான் பிரச்சன.

கேள்வி: நம்ம நாட்டு மேப் ஆப்னா டேட்டா பத்திரம்தானே? ஐபோன் வெச்சிருக்கவங்க பயப்பட வேண்டாமாமே? – வாசகர், ஸ்ரீராம்புரம்

பதில்: மேப்பிள்ஸ் நம்மாளுங்க கம்பெனி, 1995-ல இருந்து இந்திய ரோடுகள வரைஞ்சிட்டு இருக்காங்க, எனக்கு அதுல ரொம்ப பெருமை. ஆனா டேட்டா எந்த நாட்டுல இருக்குங்கறது வேற, எவ்ளோ எடுக்குறாங்கங்கறது வேற. எந்த ஆப்பா இருந்தாலும் லொகேஷன் பர்மிஷன்ல யூஸ் பண்றப்ப மட்டும்னு வெய்யிங்க. ஆப்பிள் மேப்ஸ் உங்க தேடல ஆப்பிள் ஐடியோட சேக்குறதில்ல, அடிக்கடி மாறுற ஒரு நம்பரோடதான் வெக்குது, தேடுன துல்லியமான எடத்தையும் 24 மணி நேரத்துக்குள்ள தோராயமா மாத்திடுறோம்னு சொல்றாங்க, இந்த விஷயத்துல அது மேல்தான். ஆனா அதே ஐபோன்ல இருக்குற மத்த ஆப்புக்கு அந்த கட்டுப்பாடு கெடையாது. சாப்பாட்டு ஆப், கேப் ஆப் எல்லாத்துலயும் எப்பவும்னு இருந்தா மாத்துங்க, வானிலை ஆப்புக்கு தோராயமான எடமே போதும், மழை ஸ்ரீராம்புரத்துக்கா மல்லேஸ்வரத்துக்கான்னு பாக்க தெரு நம்பர் தேவையில்ல.