சண்டை கேமில் எதிராளி குதிப்பது கண்ணில் பட்டும் கை ஏன் அசைவதில்லை?

ஆடுபவர்கள் இதை மென்டல் ஸ்டாக் என்பார்கள். ஒரே நேரத்தில் எத்தனை விஷயங்களை எதிர்பார்த்து மனம் காத்திருக்கிறது என்பதுதான் அது.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை கேம் விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்களாக ஓடுகிறது. பார்த்து பட்டனை அழுத்த நமக்குச் சுமார் கால் விநாடி, அதாவது 15 ஃபிரேம் வேண்டும். ஒரு குதிப்பு அதைவிட நீளம், நேரம் தாராளம். ஆனால் குதிப்பு, ஃபயர்பால் (தூரத்திலிருந்து எறியும் பந்து), த்ரோ (பிடித்து எறிவது), டிரைவ் இம்பாக்ட் (ஒரு பலத்த தாக்குதல்) எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காத்திருந்தால், வந்தது எது என்று பிரித்தறியவே மூளைக்குக் கூடுதல் நேரம் போய்விடும். அதற்குள் அவர் உங்கள் தலைமேல் இறங்கியிருப்பார்.

பிரேக்கில் கால் வைத்தபடி வண்டி ஓட்டுபவர் சட்டென்று நிறுத்துவார். கண்ணாடி, ஹாரன், வழி என்று கவனம் சிதறியவர் அதே கால்களோடு தாமதிப்பார்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு சுற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள், "இப்போது குதித்தால் அடிப்பேன்" என்று. 4 ஃபிரேமில் வரும் குத்தைப் பார்த்துத் தடுக்க யாராலும் முடியாது. அதற்கு முன்கூட்டியே தடுத்து நிற்பதுதான் வழி. காத்திருக்கும் பட்டியலிலிருந்து அந்தக் குத்தை நீக்கிவிட்டாலே மனம் லேசாகும், என் அனுபவத்தில் பெரிய மாற்றம் இங்கேதான் வந்தது.

இதெல்லாம் பிறவியிலேயே வேகமான கை உள்ளவர்களுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் எதற்குக் காத்திருப்பது என்று முன்னமே முடிவு செய்துவிட்டவர்கள்.