சாய்ந்து நிற்கும் கல்விளக்கை என்ன செய்வது?

கேள்வி: ஜப்பானில் சைத்தாமா பக்கம் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். முன்பு இருந்த பெரியவர் கொல்லைப்புறத்தில் சின்னதாக ஒரு தோட்டம் வைத்திருந்திருக்கிறார். அதில் ஐந்தடி உயரக் கல்விளக்கு ஒன்று லேசாகச் சாய்ந்து நிற்கிறது. பக்கத்தில் வட்டமான கல்தொட்டி. நடுவில் சதுரக் குழி, சுற்றிலும் நான்கு எழுத்துகள். நடைபாதைக் கல் ஒன்றின் மேல் கறுப்புக் கயிறு கட்டிய உருண்டைக் கல் இருக்கிறது. யாரோ ஏதோ செய்து வைத்திருக்கிறார்கள் என்று என் மாமியார் பயப்படுகிறார். எல்லாவற்றிலும் பாசி. எங்களுக்கு இரண்டு வயது மகன் இருக்கிறான். இவற்றை எடுத்துவிடலாமா, கழுவி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துவிட வேண்டாம், கழுவவும் வேண்டாம். ஆனால் இன்றைக்கே ஒரு வேலை செய்துவிடுங்கள். விளக்கிலிருந்து குறைந்தது ஆறடி தள்ளி, சுற்றிலும் தடுப்புக் கட்டி, மகன் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் நிதானமாகச் செய்யலாம்.

காரணம் இதுதான். கல்விளக்கு ஒரே கல் அல்ல. அடிப்பீடம், தண்டு, மேடை, தீக்கூடு (சுடர் எரியும் அறை), குடை, உச்சிமணி என்று ஆறு துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். பழைய விளக்குகளில் பெரும்பாலும் சுண்ணாம்போ பசையோ கிடையாது. எடையும், சிறிய முளையும் குழியும்தான் பிடிப்பு. கருங்கல் ஒரு கன அடி ஏறத்தாழ 75 கிலோ. இரண்டடி அகலமுள்ள குடைக்கல் மட்டுமே அறுபது எழுபது கிலோவுக்குக் குறையாது. அந்தப் பாரம் இருப்பது குழந்தையின் தலைக்கு மேலே. 2016 குமாமோத்தோ நிலநடுக்கத்தில் கோயில் வளாகங்களில் இப்படிப்பட்ட விளக்குகள் வரிசையாகச் சரிந்தன. நிலம் ஆட வேண்டும் என்பதுகூட இல்லை. குழந்தை தண்டைக் கட்டிப்பிடித்து ஏறினாலே போதும்.

அடுத்து, இஷியா என்று அழைக்கப்படும் கல்தச்சரை வரவழையுங்கள். தோட்டக்காரர் மட்டும் வந்தால் போதாது. கல்தச்சர் வந்ததும் மரச்சுத்தியால் ஒவ்வொரு துண்டையும் தட்டிப் பார்ப்பார். நல்ல கல் கிண்ணென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் டொக்கென்று மந்தமாகக் கேட்கும். தட்டும்போது நீங்களும் பக்கத்தில் நின்று கேளுங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும். தண்டிலோ மேடையிலோ மந்தமான சத்தம் வந்தால் அதைத் திரும்ப ஏற்றக் கூடாது.

சாய்வு பெரும்பாலும் கல்லின் குற்றமாக இருக்காது, கீழே மண் அமர்ந்திருக்கும். மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, ஓரடி ஆழம் தோண்டி, ஜல்லி போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தி, பீடத்தை ரசமட்டம் வைத்து நிறுத்த வேண்டும். பிறகு துண்டுகளுக்கு நடுவே துருப்பிடிக்காத எஃகு முளை வைத்து, கல் ஒட்டும் பசையால் இணைக்கச் சொல்லுங்கள். இறக்குவதற்கு முன் ஒவ்வொரு துண்டின் முன்பக்கத்திலும் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டு, நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதை மறந்தவர்கள் பிறகு எந்த முகம் எந்தத் திசையைப் பார்த்தது என்று தெரியாமல் விழித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். தண்டையும் பீடத்தையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மேடை, தீக்கூடு, குடை, உச்சிமணி ஆகியவற்றை மட்டும் ஒரு தட்டையான கல்மேல் ஒட்டி வையுங்கள். இரண்டடி உயரத்தில் அடக்கமாக நிற்கும். தரையில் வைக்கும் குட்டை விளக்கு ஜப்பானில் பழைய வழக்கம்தான், ஓகிதோரோ என்பார்கள். பையன் வளர்ந்த பிறகு தண்டை மறுபடி பூட்டிக்கொள்ளலாம். ஒருவேளை பீடமே இல்லாமல் தண்டு நேராக மண்ணில் புதைந்திருந்தால் அது பெரும்பாலும் ஒரிபே வகை. ஜப்பானியத் தேநீர்ச் சடங்கின் ஆசான் ஃபுருதா ஒரிபேயின் (1544–1615) பெயரால் வழங்குவது. அதைத் தோண்டி நிமிர்த்தி, ஆழமாகப் புதைத்தால் நன்றாகவே நிற்கும்.

இனி உங்கள் மாமியாரின் பயம். அந்தக் கயிறு கட்டிய கல்லில் எந்தச் செய்வினையும் இல்லை அம்மா என்று அவரிடம் சொல்லுங்கள். அதன் பெயர் செகிமோரி இஷி, வழிகாக்கும் கல். தேநீர்த் தோட்டத்தில், அதாவது தேநீர் விருந்து அறைக்குப் போகும் வழியிலுள்ள தோட்டத்தில், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், விருந்தினர் போகக்கூடாத பக்கத்தின் நடைகல் மேல் இதை வைப்பார்கள். பலகை கிடையாது, பூட்டு கிடையாது. முஷ்டியளவோ கொஞ்சம் பெரிதாகவோ ஒரு கல், பொட்டலத்துக்குக் கட்டுவதுபோலக் குறுக்கும் நெடுக்கும் கயிறு, மேலே பிடித்துத் தூக்க ஒரு முடிச்சு, அவ்வளவுதான். விருந்தினர் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிவிடுவார். இவ்வளவு மரியாதையாக 'இங்கே வராதீர்கள்' என்று சொல்லும் வேறொரு பொருளை நான் கண்டதில்லை. கயிறு இற்றிருந்தால் தோட்டச் சாமான் கடையில் ஷுரோ நார்க்கயிறு கேட்டு வாங்கிப் புதிதாகக் கட்டுங்கள்.

தொட்டிக்கு வருவோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கியோத்தோவின் ரியோஆன்ஜி கோயில் தொட்டியின் நகல், பழைய செப்புக் காசு வடிவம். சுற்றியுள்ள நான்கு எழுத்துகளைத் தனித்தனியாகப் படித்தால் பொருள் கூடிவராது. நடுச் சதுரக் குழி 'வாய்' என்ற எழுத்தின் வடிவம். அதை ஒவ்வொன்றோடும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்போது வரும் வாசகம், 'போதும் என்பதை மட்டுமே நான் அறிவேன்'. நம்மூரில் போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்போமே, அதேதான். மாமியாருக்கு இதையும் சொல்லுங்கள், நிச்சயம் பிடித்துப்போகும்.

தாழ்வாக வைத்த இந்தத் தொட்டியையும் அதைச் சுற்றியுள்ள கற்களையும் சேர்த்துச் சுகுபாய் என்பார்கள், குந்துதல் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். தேநீர் அறைக்குள் போகுமுன் விருந்தினர் குனிந்து கையும் வாயும் கழுவுவார். அதனால் சுற்றியுள்ள கற்களும் சும்மா கிடப்பவை அல்ல. தொட்டிக்கு முன்னால் தட்டையான கல் இருக்கிறதா? அது நிற்பதற்கு. இரு பக்கமும் இரண்டு கற்கள் இருக்கும்: ஒன்று குளிர்காலத்தில் வெந்நீர் வாளி வைக்க, மற்றது மாலை விருந்துக்கு வரும்போது கைவிளக்கு வைக்க. எது வலம், எது இடம் என்பது தேநீர் மரபைப் பொறுத்து மாறும். நடுவே கூழாங்கல் பரப்பிய பள்ளத்தைக் 'கடல்' என்பார்கள். செடி வைக்க வசதியாக இருக்கிறதே என்று இவற்றை நகர்த்திவிடாதீர்கள்.

அந்தப் பள்ளத்தில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, தரையோடு காது வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஆழத்தில் ணிங், ணிங் என்று சொட்டும் ஓசை கேட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கீழே ஒரு ஜாடியைத் துளையிட்டுக் கவிழ்த்துப் புதைத்திருக்கிறார்கள். அதுதான் சுயிகின்குத்சு. அப்படியானால் அங்கே மண்வெட்டி படவே கூடாது.

குழந்தைக்கு விளக்கைப் போலவே தண்ணீரும் ஆபத்து. நாலு விரல் ஆழம் போதும். குழிமேல் நெருக்கமான மூங்கில் தட்டி ஒன்றைப் பின்னி, அசையாமல் கட்டுங்கள். கொசு வராமலிருக்க வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பனி உறையும் இரவுகளில் குழியை வெறுமையாக விடுங்கள், உறைந்த நீர் விரிந்து கல்லைப் பிளக்கும்.

பாசி? கை வைக்காதீர்கள். அழுத்த நீர் பீய்ச்சும் கருவி, பிளீச்சிங் பவுடர், அமிலம் எதுவும் வேண்டாம். அந்தப் பச்சையும் கல்லின் மங்கலும் பல ஆண்டு மழை கொடுத்தவை. ஜப்பானில் அதற்காகவே பழைய கல்லைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. நடந்துபோகும் கற்களில் மட்டும், வழுக்காமலிருக்க, மென்மையான தூரிகையும் தண்ணீரும் கொண்டு தேயுங்கள்.

இனி, விளக்கும் தொட்டியும் ஏன் பக்கத்தில் இருக்கின்றன என்ற விஷயம். கல்விளக்கு முதலில் புத்தர் சந்நிதிக்கு ஏற்றியது. நாராவின் தைமாதேரா கோயிலில் இருப்பது 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஜப்பானின் மிகப் பழையது என்கிறார்கள். நாராவின் கசுகா தைஷா கோயிலில் கல்லில் மட்டும் ஏறத்தாழ இரண்டாயிரம் விளக்குகள் நிற்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் தேநீர் ஆசான்கள்தான் அதைக் கோயிலிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரவில் வரும் விருந்தினருக்குப் பாதையும் தண்ணீரும் தெரிய வேண்டும் என்பதற்காக. ஆக, உங்கள் விளக்கு அந்தத் தொட்டிக்காக நிற்பது. எங்கே நகர்த்தினாலும் இரண்டையும் பிரிக்காதீர்கள். பளீரென்ற வெள்ளை எல்இடி வேண்டாம். திறப்பில் மெல்லிய வெள்ளைத்தாள் ஒட்டிய மரச்சட்டம், உள்ளே மங்கலான மஞ்சள் விளக்கு போதும். முன்னால் ஒரு மரக்கிளை குறுக்கே வந்திருந்தால் வெட்டிவிடாதீர்கள். வெளிச்சம் பாதி மறைந்து தெரியட்டும் என்று வேண்டுமென்றே விடும் கிளை அது, ஹிசாவரி நோ கி என்று அதற்குப் பெயரே உண்டு.

கல்தச்சர் பசை போடுமுன் ஒரு மாலை நேரம் கேட்டு வாங்குங்கள். இருட்டியதும் மகனை வீட்டுக்குள் விட்டுவிட்டு, தீக்கூட்டில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, தொட்டிக்கு முன்னால் உள்ள தட்டைக்கல்லில் குந்திப் பாருங்கள். தீக்கூட்டின் முன்னும் பின்னும் சதுரத் திறப்பும், பக்கங்களில் வட்டமும் பிறையுமாகச் சூரிய சந்திரரும் இருக்கலாம். சதுரத் திறப்பின் வெளிச்சம் குழித் தண்ணீரில் விழ வேண்டும். விழவில்லையென்றால் தீக்கூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பச் சொல்லுங்கள். விழுந்த பிறகு ஒட்டலாம்.